சிரிப்பு ஷாட்

முசரவாக்கம் வீரபத்திரனிடம் தொழில் என்னவென்று கேட்டால் பெயிண்டர் என்பார். காஞ்சிபுரத்தில் பாதி வீட்டுச் சுவர்கள் அவர் அடித்த வண்ணம்தான். ஆனால் ஊர் அவரைத் தெரிந்துவைத்திருப்பது பிணமாக. டைரக்டர் திருஞானசம்பந்தத்தின் படங்களில் பாடையில் கிடப்பவர் அவர்தான்.

சம்பந்தம் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. தறிக்குழியில் கால் வைக்காமல் சென்னைக்கு ஓடிப்போய்ப் படம் எடுத்தவர். இயக்குவதும் அவரே, பணம் போடுவதும் அவரே. ஒரு படத்தின் பாட்டு முடிவதற்குள் அடுத்த படத்துக்குப் பூஜை போட்டுவிடுவார். ஒரே வீட்டில், ஒரே நாளில், கதாநாயகி புடவையை மாற்றிக்கொண்டு ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்குள் நுழைந்த கதையெல்லாம் உண்டு. பத்திரிகைக்காரர்கள் கிண்டல் அடித்தார்கள். அதைப் படிக்க அவருக்கு ஏது நேரம்? தியேட்டர்கள் கல்யாண மண்டபங்கள் ஆனபோது டிவிக்குப் போனார், டிவி போனபோது செல்போனில் ஓடும் படங்களுக்கு வந்தார். வயது எழுபதைத் தாண்டியும் மனுஷர் நிற்கவில்லை. எல்லாம் மாறினாலும் இரண்டு மட்டும் மாறவில்லை. இடைவேளைக்கு முன்னால் ஒரு சாவு, செத்தவர் வீரபத்திரன்.

அது தற்செயலாக ஆரம்பித்தது. பிணமாக நடிக்க வந்தவர் பாடையைப் பார்த்ததும் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் போனவர்தான். படப்பிடிப்பு நடந்த வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த வீரபத்திரனை டைரக்டர் அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்பா, ஏணிய உட்டு எறங்கி வந்து கொஞ்ச நேரம் படுக்கிறியா?"

படுத்தார். படம் ஓடிவிட்டது. சினிமாக்காரர்களுக்குச் சென்டிமென்ட் பிடித்துக்கொண்டால் விடாது. அடுத்த படத்துக்கும் ஆள் வந்தது.

புதிதாகக் கல்யாணம் ஆகி வந்திருந்த பொன்னியம்மாளுக்கு இது பற்றிக்கொண்டு வந்தது. "ஊர்ல சாவுன்னா நம்ம தெருவத்தான் கூப்புடுவாங்க. சினிமாவுலயும் அதேதானா?" என்று கேட்டவள், கேட்டதோடு நிற்கவில்லை. படப்பிடிப்புக்கே போய்க் கேமராவுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"படுக்க வெச்சீங்க இல்ல, எழுப்பி உட்டுட்டுப் போங்க."

பூசணிக்காய் உடைக்காமல் கேமராவைத் திருப்பாத சம்பந்தத்துக்கு அவள் சொன்னது சட்டென்று புரிந்தது. அன்றிலிருந்து சாவுக் காட்சி முடிந்ததும் வீரபத்திரன் எழுந்து, மாலையைக் கழற்றி, மூக்கிலிருக்கும் பஞ்சை எடுத்து, அதே கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரிப்பார். அந்தத் துண்டு எந்தப் படத்திலும் வராது. எடுத்தால் போதும், தோஷம் கழிந்தது. சிரிப்பு ஷாட் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

நன்றாகச் சாவது லேசில்லை. ஈ உட்கார்ந்தால் இமை துடிக்கக் கூடாது. கண்ணை மூடிக் கிடக்கிறவருக்குக் காதுதான் எல்லாம். "ஸ்டார்ட் கேமரா" என்று டைரக்டர் சொல்வார். கேமரா ஓட ஆரம்பித்ததும் அதன் பக்கத்திலிருந்து "ரோலிங்" என்று பதில் வரும். அந்தப் பதில் வந்தால்தான் வீரபத்திரன் மூச்சை நிறுத்துவார். வராத வரைக்கும் அவர் உயிரோடு இருக்கிற சாதாரண ஆள்.

இந்த ஐப்பசியில்தான் வினை வந்தது. முசரவாக்கம் மாந்தோப்பில் சாவுக் காட்சி முடிந்ததும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஜெனரேட்டரை அணைத்தார்கள், கேமராவுக்குப் பிளாஸ்டிக்கைப் போர்த்தினார்கள், ஆளாளுக்கு வேனில் ஏறினார்கள். வீரபத்திரன் மாலையோடு மாமரத்தடியில் நின்றார். சிரிப்பு ஷாட்டை எல்லாரும் மறந்துபோனார்கள். மறுநாள் டைரக்டர் அடுத்த படத்துக்குப் பொள்ளாச்சி போய்விட்டார்.

அந்த வாரமே ஏணியில் நின்றபடி வீரபத்திரனுக்கு நெஞ்சை அடைத்தது. சென்னை பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தக் குழாயில் அடைப்பு, நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார்கள். நாளும் குறித்துக் கொடுத்தார்கள்.

பொன்னியம்மாள் முடியவே முடியாது என்றாள்.

"மயக்க ஊசி போட்டு, செத்தவனாட்டம் படுக்க வெச்சிடுவாங்களாமே. யோவ், ஏற்கனவே படுத்த நீயே இன்னும் எழுந்திரிக்கல. மறுபடியும் போயி படுத்தா எப்பிடியா எழுந்திரிப்ப?"

மகள் திரிஷா கல்லூரியில் படிக்கிறவள். அவள் செல்போனை நீட்டி, "இதுல சிரிப்பா, நான் எடுக்கறேன். முடிஞ்சுது" என்றாள்.

"உங்கப்பன படுக்க வெச்சது உன் போனாடி?" என்றாள் பொன்னியம்மாள். போன் உள்ளே போயிற்று.

முதலில் வீரபத்திரன் சிரித்தார். இத்தனை வருஷம் செத்தவனுக்கு இதென்ன பயம் என்று நினைத்தார். அந்த நேரம் பார்த்து மாந்தோப்புப் படத்தின் முன்னோட்டம் வெளியாகித் தொலைத்தது. தெருவில் எல்லார் போனிலும் அவர் மாலையோடு கிடந்தார். யாரோ விஷமத்துக்குக் கண்ணீர்ப் பொம்மை போட்டுப் பரப்பிவிட, திருத்தணியில் இருந்த சித்தப்பா மகன் துக்கம் கேட்கப் போன் செய்துவிட்டார். போனை எடுத்தது வீரபத்திரனே. அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை அவருக்கு. பெண்டாட்டியின் பயம் எப்போது தன் நெஞ்சுக்குள் இடம் மாறிக்கொண்டது என்று அவருக்கே தெரியவில்லை. குளிக்கும்போது பயந்தார், சட்டைக்குப் பொத்தான் போடும்போது பயந்தார். டைரக்டருக்குப் போன் போட்டால் மேனேஜர் எடுத்தார். சார் டேக்கில் இருக்கிறார் என்பார், வைத்துவிடுவார்.

ஆஸ்பத்திரியில் போய்ச் சேர வேண்டிய நாளுக்கு முதல் நாள் திரிஷா கல்லூரியிலிருந்து கூப்பிட்டாள். "அப்பா, உங்க டைரக்டர் இங்க ஏனாத்தூர்லதான் ஷூட்டிங் எடுத்துக்கினு இருக்காரு. கெளம்பி வாங்க."

ஷேர் ஆட்டோவில் பொன்னியம்மாள் கணவரின் கையை விடவில்லை. அங்கே சாப்பாட்டு நேரம். வெள்ளைத் தொப்பியோடு நாற்காலியில் சாய்ந்திருந்த சம்பந்தம் எழுந்து வந்தார்.

"என்னாய்யா வீரா, இப்பிடி எளச்சிட்ட?"

வீரபத்திரன் வாயைத் திறப்பதற்குள் பொன்னியம்மாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கடைசியில், "எழுப்பி உடாம போயிட்டீங்களே சார்" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. டைரக்டர் முகம் வெளுத்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தப்புதாம்மா. இப்பவே எடுத்துடுவோம். நீ கவலப்படாத."

மாந்தோப்பில் இருந்த அதே கேமராவை வேப்பமரத்துப் பக்கம் திருப்பச் சொன்னார். வீரபத்திரனை நிறுத்தினார்கள். அவர் தலையைக் கோதிக்கொண்டார். அப்போது கேமரா உதவியாளர் டைரக்டரைப் பார்த்து, கேமராவின் பின்பக்கத்தைத் தட்டி, விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பேட்டரி இல்லை. எல்லாம் சாயங்காலக் காட்சிக்காகச் சார்ஜில் கிடந்தன. டைரக்டர் ஒரு கணம் யோசித்தார். பிறகு பொன்னியம்மாளுக்குத் தெரியாமல், இருக்கட்டும் என்கிற மாதிரி உள்ளங்கையைத் தாழ்த்தினார். அவருக்கு அந்தி வெளிச்சம் போவதற்குள் மூன்று காட்சி முடிக்க வேண்டியிருந்தது. மனுஷர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர்.

"ஸ்டார்ட் கேமரா" என்றார்.

வீரபத்திரன் காத்திருந்தார். பதில் வரவில்லை. வேப்பமரத்தில் காக்கை கத்தியது, சாப்பாட்டுப் பந்தியில் யாரோ ரசம் கேட்டார்கள். ரோலிங் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

உதவியாளர் கேமராவைத் தட்டி விரலை ஆட்டியது எதற்கென்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது, ஆத்திரம் வந்தது. இத்தனை படத்துக்கு மூச்சை நிறுத்திக் கிடந்தவனுக்கு ஒரு பேட்டரி இல்லையா? கேட்டுவிடலாம் என்று வாய் வரை வந்தது. கேட்டால் பொன்னிக்குத் தெரியும். தெரிந்தால் இன்னொரு தடவை அவளை யாராலும் நம்பவைக்க முடியாது. ஆஸ்பத்திரியில் குறித்த நாளும் போய்விடும். அவர் பொன்னியம்மாளைப் பார்த்தார். அவள் முந்தானையை இரண்டு கையிலும் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரித்தார். கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார். அவர் நடித்ததிலேயே பெரிய நடிப்பு அதுதான்.

"டேக் ஓகே" என்றார் டைரக்டர். அவர் வீரபத்திரன் கண்ணைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது பொன்னியம்மாள் ஓயாமல் பேசினாள். பசிக்கிறது என்று சொல்லி வடை வாங்கித் தின்றாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். "எழுந்திரிச்சிட்ட இல்ல, இனிமே என்னா பயம்?" என்றாள். வீரபத்திரன் தலையாட்டினார். எழுந்திருக்கவில்லை என்பது தெரிந்த ஒரே ஆள் குடும்பத்தில் இனி அவர்தான், அதை இறக்கிவைக்கவும் இடமில்லை.

ஆபரேஷன் அன்று காலையில் பச்சைத் துணியை மாட்டி, தள்ளுவண்டியில் படுக்கவைத்தார்கள். படுத்ததும் பழக்கத்தில் கண் தானாக மூடிக்கொண்டது. உடனே பதறித் திறந்தார். பொன்னியம்மாள் கதவு வரைக்கும் கூடவே நடந்து வந்தாள். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே நீளமான வராந்தா. கூரையில் குழல் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைக்கு மேல் நகர்ந்தன. வராந்தா முடிகிற மூலையில், சுவரும் கூரையும் சேருமிடத்தில், உருண்டையாக ஒரு கண்காணிப்புக் கேமரா இருந்தது. அதில் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா, கொஞ்சம் நிறுத்தும்மா" என்றார்.

வண்டியைத் தள்ளி வந்த நர்ஸ் நிறுத்தினார். "என்னாபா, மூச்சு கீச்சு அடைக்குதா?"

"இல்லம்மா. அந்தக் கேமரா ஓடுதா?"

"ஓடுது ஓடுது. ராத்திரி பகலா ஓடுது. ஏன்?"

அதே கேமரா இல்லைதான். ஆனாலும் ஓடுகிற கேமரா. வீரபத்திரன் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரும் சொல்லாததைத் தானே மெல்லச் சொன்னார்.

"ரோலிங்."

பிறகு அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்து, பல் தெரியச் சிரித்தார்.