கடப்பாரை மூடிய பாதை

அவளுக்குக் கடப்பாரை என்று பட்டப்பெயர் வைத்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு காட்டுப் பாதையைச் சீர் செய்யப் போகிற பிள்ளைகள். ஒல்லி, உயரம், யாருக்கும் வளைய மாட்டாள். பதினேழு வயதுப் பெண்ணுக்கு இப்படியா பெயர் வைப்பது என்று முகம் சுளிக்கிறவர்கள், அவள் ஒரு பாறையைப் புரட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

காட்டுப் பாதை தானாகவே கிடக்கிறது என்றுதான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடந்து போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு என்ன தெரியும்? ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் பாதை ஓடையாகிவிடும். தண்ணீர் ஓரமாக வடிய வாய்க்கால் வெட்ட வேண்டும். முகத்தில் அடிக்கிற கிளையைக் கழிக்க வேண்டும். சரிவில் கல் பதித்துப் படி கட்ட வேண்டும், வழி பிரிகிற இடத்து மரத்தில் மஞ்சள் அம்பு வரைய வேண்டும். இத்தனையையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் காசு வாங்காமல் செய்தார்கள். பாதி வேலையில் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குருவிக்கூடு பார்க்க ஓடுவார்கள், ஒரு காளானைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு சண்டை போடுவார்கள். வனக்காவலர் அக்கா கத்துவாள்: "வேலை பார்க்க வந்தீங்களா, வேடிக்கை பார்க்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான்க்கா!"

அப்படிக் கத்துகிறவர்களில் ஒரு காலத்தில் முதல் ஆள் கடப்பாரையின் அண்ணன். பெரிய பாதையிலிருந்து ஒரு கிளைப்பாதை பிரிந்து, வளைந்து வளைந்து போய் ஓடையில் இறங்கும். அந்த ஓடைக்கரையில், தூறல் போட்ட ஒரு நாள், மீன்கொத்தியின் பொந்தை எட்டிப் பார்க்க ஈரப் பாறையில் ஏறினான். வழுக்கிவிட்டது. பத்தொன்பது வயது. பாவி, போயும் போயும் ஒரு மீன்கொத்திக்காகவாடா என்று கேட்க வாய் துடிக்கிறது. யாரிடம் போய்க் கேட்பது?

அப்பா ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர். மகன் இருந்தவரை அவர் வாய் ஓய்ந்ததே இல்லை. யார் எந்த மாடிக்குப் போனார்கள், எந்த டாக்டர் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவினார், குழந்தை பிறந்த சந்தோஷத்தில் இறங்கவேண்டிய மாடியை விட்டுவிட்டு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தவர் யார் என்று சாப்பாட்டு நேரமெல்லாம் அதே கதைதான். மகன் போனபிறகு வீட்டில் அந்த வாய் அடைத்துப்போயிற்று. ஞாயிறு காலையானால் எழுந்து அந்த ஓடைக்கரைக்குப் போய்விடுவார். பிள்ளை அங்கேதான் இருக்கிறான் என்பது அவர் கட்சி. ஒரு தடவை கடப்பாரை பின்னாலேயே போய் ஒளிந்து நின்று கேட்டாள். அப்பா பாறையைப் பார்த்து அந்த வாரத்து லிஃப்ட் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுநடுவே சிரித்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவள் அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்தாள். வீட்டின் முன்அறையிலேயே இஸ்திரிக் கடை வைத்திருந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒண்ணைக் குடுத்தது போதாதா? நீயும் கிளம்பிட்டியா?" அப்பாவுக்கு முழங்கால் வலி என்பதும், அந்த இறக்கம் அவருக்கு ஆகாது என்பதும்தான் பதில். அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வாள்? கிளைப்பாதை நெடுக அப்பாவின் காலுக்குத் தோதாகத் தாழ்வான படிகளாகப் பதித்தாள். "யாரு ஏற இவ்வளவு குட்டிப் படி? முயலுக்கா?" என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

இந்த வருஷ மழையில் ஓடைக்கு மேலிருந்த சரிவு வெடித்துவிட்டது. படிகளுக்குக் குறுக்கே, கை நுழைகிற அளவுக்கு விரிசல். பார்க்க வந்த பொறியாளர், சரிவு என்றைக்கு வேண்டுமானாலும் மொத்தமாக இறங்கும் என்றார். கிளைப்பாதையை நிரந்தரமாக மூடிவிட முடிவாயிற்று.

அன்று சாயங்காலமே அவள் அப்பாவிடம் சொன்னாள். "அந்தச் சரிவு விழப்போகுதுப்பா. இனிமே அங்க போகாதீங்க."

"விழட்டும்" என்றார் அப்பா. "என் பிள்ளை விழுந்த இடத்துல நானும் விழுந்துட்டுப் போறேன்."

அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. யாரோ ஒருவருடைய சட்டை தீய்கிற வாசனை வந்தபிறகுதான் இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள்.

மறுவாரம் காவலர் அக்கா, குறுக்கே ஒரு மரத்தைப் போட்டு எச்சரிக்கைப் பலகை வைத்தால் போதும் என்றாள்.

"பலகையெல்லாம் ஊருக்குத்தான்க்கா. எங்கப்பா தாண்டிப் போயிடுவார். பாதை இருக்கிறதே கண்ணுல படக் கூடாது. நான் பண்றேன்."

"உன்னால ஆகுமாடி?"

"வேற யாரு பண்ணாலும் அவர் கண்டுபிடிச்சிடுவார்க்கா."

ஒரு பாதையை அழிக்க அதை முழுவதும் மூட வேண்டியதில்லை. பிரிகிற இடத்திலிருந்து முதல் வளைவு வரை, கண்ணுக்கு எட்டுகிற துண்டை மட்டும் மறைத்தால் போதும், மற்றது இருந்தாலும் இல்லாததுதான். காலடி பட்டு இறுகிய மண்ணை அவள் கொத்திக் கிளறினாள். காட்டின் உள்ளேயிருந்து பெரணிச் செடிகளை வேர்மண்ணோடு பெயர்த்து வந்து நட்டாள். பட்ட கிளைகளை அங்கேயே முளைத்தவை போல ஊன்றினாள், மேலே சருகைத் தூவினாள். மஞ்சள் அம்பைச் சுரண்டிச் சேறு பூசினாள். அந்த முதல் வளைவுக்குள் இருந்த தன் குட்டிப் படிகளைத் தன் கையாலேயே நெம்பி எடுத்தபோதுதான் அழுகை வந்தது. நாள் முழுக்கக் கேலி பேசுகிற பிள்ளைகள் அன்று அந்தக் கற்களைச் சுமந்துபோய்ப் புதருக்குள் மறைத்தார்கள்.

பாதை பிரிகிற இடத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு குத்துக்கல் நின்றது. அப்பா அதன்மேல் கை ஊன்றித்தான் உள்ளே திரும்புவார். அதையும் நாலு பேராகப் புரட்டிப் பெரிய பாதையின் எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். இந்தக் காரியத்தை வேறு யாராவது செய்திருந்தால் அவளே சபித்திருப்பாள்.

ஞாயிறன்று அப்பா வந்தார். அவள் சற்றுத் தள்ளிக் கிளை கழிப்பதுபோல நின்றாள். அப்பா கடந்து போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். புதரை விலக்கிப் பார்த்தார். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரங்கள், ஓடைச் சத்தம் அதுவரை எட்டாது. மேலும் கீழும் நடந்ததில் அவருக்குத் திசையே கலங்கிவிட்டது. கடைசியில் குத்துக்கல்லைப் பார்த்தார். அதன்மேல் கை வைத்தார். பக்கத்தில் பாதை இல்லை.

"உன் வேலையா?" என்றார்.

"ஆமாம்பா."

அறைவார் என்று நினைத்தாள். அறைந்திருந்தால் தேவலை. அப்பா கல்லுக்குப் பின்னால், அவள் கையே படாத புதரைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நல்லா பண்ணியிருக்கே" என்றார்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "சரி, நீ உள்ள விடப்போறதில்ல. இங்கேருந்தே பேசிக்கிறேன். அவன் இந்தப் பக்கம்தானே இருக்கான்?"

அவர் கை காட்டியது எதிர்த்திசை. ஓடை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. தோளைத் தொட்டுத் திருப்பி உட்கார வைக்கலாம். வைத்தால் பாதை எங்கே என்று தெரிந்துவிடும், அடுத்த ஞாயிறு அவர் அந்தச் சரிவில் நிற்பார்.

"ஆமாம்பா" என்றாள். "அந்தப் பக்கம்தான்."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். தூரத்தில் இருப்பவனுக்கும் கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்தி, அந்த வாரம் லிஃப்டில் வந்தவர்களைப் பற்றி மகனிடம் சொல்ல ஆரம்பித்தார்.