குனியாத முதுகு

"ஷெல்லுக்கே குனியாத முதுகு இது!"

குலசேகரம் இதை முதன்முதலாக அறிவித்தது ஹரோவில், வயதுக்கு வந்த ஒரு பிள்ளையின் சாமத்திய வீட்டு மண்டபத்தில், இரண்டாவது கிளாசுக்கும் ஆட்டிறைச்சிக் கறிக்கும் இடையில். கூடியிருந்தவர்கள் அந்த முதுகை மரியாதையோடு பார்த்தார்கள். பார்க்கத்தக்க முதுகுதான். கவுன்சிலின் பார்க்கிங் பிரிவில் அமர்ந்து, அபராதத்தை மன்னிக்கச் சொல்லிக் கெஞ்சுகிறவர்களுக்கெல்லாம் 'ஏலாது' என்பதை நாகரிகமான ஆங்கிலத்தில் எழுதி எழுதியே விறைத்துப்போனது.

வரலாற்று மாணவர்களுக்காக ஒரு சிறு விவரம். குலசேகரம் படிப்பதற்கென்று லண்டனுக்கு விமானம் ஏறியது எண்பத்திரண்டில். யாழ்ப்பாணத்தில் இராணுவத்தின் ஷெல் விழத் தொடங்கியது அதற்குப் பிறகு. ஆகவே அவர் ஷெல்லுக்குக் குனியவில்லை என்பது அப்பழுக்கற்ற உண்மை. குனிந்தவர் அவருடைய மனைவி செல்வமலர். தொண்ணூற்றொன்றில் கல்யாணமாகி வரும்வரை பாதி நாள் மண்ணுக்கடியில், பங்கருக்குள் இருந்தவர். கணவர் முதுகுப் பேச்சை எடுத்தால், கறி போதுமா என்று பார்க்க எழுந்து போய்விடுவார்.

இரண்டாயிரத்து ஆறில் பக்கத்து வீட்டுச் சுந்தரராஜன், மதுரைக்காரர், வெசூவியஸ் எரிமலையைப் பார்த்துவிட்டுப் படங்களோடு வந்தார்.

"அது நித்திரை கொள்ளுற மலை," என்றார் குலசேகரம். "நாங்கள் முழிச்சிருக்கிறதைப் பார்க்கப்போறம். ஸ்ட்ரொம்போலி. குட்டித் தீவு, ஒருநாளும் ஓயாத எரிமலை."

"ஆமா சார், உங்க முதுகுக்கு அதுதான் லாயக்கு," என்றார் சுந்தரராஜன், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

செல்வமலருக்கு விருப்பமில்லை. "இஞ்சாருங்கோ, எனக்குச் சத்தம் ஒத்துவராது. நவம்பரில வெள்ளைக்காரர் விடுற பட்டாசுக்கே மாடிப்படிக்குக் கீழ போய் இருக்கிற ஆள் நான்."

"நான் பக்கத்தில நிப்பன்தானே. உமக்கு என்ன பயம்?"

தீவில், ஏறுவதற்கு முன் வழிகாட்டி எல்லோருக்கும் தலைக்கவசம் கொடுத்தான். இத்தாலிய வாய்க்குள் புகுந்து வந்த ஆங்கிலத்தில் கடுமையாகச் சொன்னான்: பெரிதாக வெடித்தால் ஓடாதீர்கள், படுக்காதீர்கள். நின்று மேலே பாருங்கள். கல் வரும் திசையைப் பார்த்து விலகுங்கள். படுத்தவருக்குக் கல் தெரியாது.

"என்னவாம்?" என்று கேட்டார் செல்வமலர்.

"பயப்பிடத் தேவையில்லையாம்," என்று மொழிபெயர்த்தார் குலசேகரம்.

சாம்பல் சரிவில் கால் ஓரடி ஏறி அரையடி சறுக்கியது. சூரியன் கடலில் இறங்கும்போது விளிம்புக்கு வந்தார்கள். பள்ளத்துக்குள் மலை இருமியது; கொஞ்சம் சிவப்பைத் துப்பியது. ஒவ்வொரு இருமலுக்கும் செல்வமலரின் நகம் குலசேகரத்தின் முழங்கையில் இறங்கியது.

"பார்த்தீரே? இவ்வளவுதான். சுந்தரராஜனுக்குக் காட்ட ஒரு படம் எடும்."

அவர் பள்ளத்துக்கு முதுகைக் காட்டி, நெஞ்சை நிமிர்த்தினார். செல்வமலர் கமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.

அப்போது பூமிக்கு அடியில் 'டுப்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. வந்திருந்தவர்களில் அது என்ன சத்தம் என்று தெரிந்தவர் ஒருவர்தான். இராணுவ முகாமிலிருந்து ஷெல் கிளம்பும்போது கேட்கும் சத்தம். கமரா எங்கோ உருண்டது. செல்வமலர் குப்புற விழுந்து, வாயைத் திறந்து, முழங்கைகளை ஊன்றி, பிடரியைக் கைகளால் மூடிக்கொண்டார். ஒரு பிழை சொல்ல முடியாது. ஷெல்லாக இருந்திருந்தால்.

மலை வெடித்தது. வானம் நிறையச் சிவப்புக் கற்கள். வழிகாட்டி கத்தினான். எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி இங்கும் அங்கும் விலகினார்கள்.

"எழும்பும் செல்வமலர்! படுக்கப்பிடாது! மேல பாரும்!"

"படுங்கோ!" என்று நிலத்திலிருந்து அலறினார் அவர். "ஐயோ, படுங்கோ எண்டுறன்!"

குலசேகரம் அவரைக் கமக்கட்டில் கைகொடுத்துத் தூக்கி இழுத்தார். ஏலவில்லை. பங்கர்க்கால உடம்பு நிலத்தை விடாது. அண்ணாந்தார். மற்றக் கற்கள் இடமும் வலமுமாகப் போய்க்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் எந்தப் பக்கமும் போகவில்லை. நின்ற இடத்திலேயே பெருத்துக்கொண்டு வந்தது.

இரண்டு எட்டு வைத்தால் விலகிவிடலாம். வழிகாட்டி அதைத்தான் கத்திக்கொண்டிருந்தான், கையையும் காட்டிக்கொண்டிருந்தான்.

குலசேகரம் குனிந்தார். மனைவிக்கு மேலே, முழங்காலும் கைகளும் ஊன்றி, தன் அகலம் முழுவதையும் கூரையாக விரித்தார்.

கல் அவர்களின் காலடிக்குப் பின்னால் விழுந்து உடைந்தது. சூடான சாம்பல் மழைபோல் தலைக்கவசத்தில் தட்டியது. பிறகு அதுவும் நின்றது. வழிகாட்டி ஓடிவந்து தோளைத் தொட்டு, முடிந்துவிட்டது என்றான்.

"முடிஞ்சுதாம்," என்றார் செல்வமலர் அடியிலிருந்து. இந்த ஆங்கிலம் அவருக்கு விளங்கியிருந்தது. "எழும்புங்கோவன். மூச்சு முட்டுது."

"ஓம்," என்றார் குலசேகரம். "கொஞ்சம் பொறும்."

எழும்பவில்லை. காயம் ஒன்றுமில்லை; குனிந்த முதுகு இன்னும் நிமிரச் சம்மதிக்கவில்லை.