வெள்ளத்தில் துடக்குக்காரர் எங்கே போவது

எனக்குச் சட்டென்று கோபம் வரும். பாலர் பாடசாலை டீச்சருக்கு இவ்வளவு கோபம் ஆகாதென்று அம்மா சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டா. பிள்ளைகளிடம் எனக்குக் கோபம் வருவதில்லை. வளர்ந்தவர்கள் தெரிந்துகொண்டே பேசாமல் இருக்கும்போதுதான் வரும்.

எங்கள் ஊர் படுவான்கரையில், வாவிக்கும் வயல் வட்டைக்கும் நடுவில் கிடக்கிறது. முன்பெல்லாம் மாரி வெள்ளம் முற்றம் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இப்போது வீட்டுக்குள் வந்து குந்திவிடுகிறது. மழை பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. மேலே குளம் நிரம்பி வான் பாய்ந்தால் சொல்லவே வேண்டாம். ரோட்டிலுள்ள தாழ்ந்த பாலமான தாம்போதிக்கு மேலால் தண்ணீர் இழுக்கத் தொடங்கிவிடும், அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூட முகாமுக்குப் போக வழியே இராது.

இதற்காகத்தான் ஒரு நிவாரண நிறுவனம் வந்தது. குழந்தைகளையும் தாய்மாரையும் தண்ணீர் ஏறுமுன் ஊருக்குள்ளேயே மேட்டுக்குக் கொண்டுபோகப் பழக்குவதுதான் திட்டம். பொறுப்பாக வந்த உத்தியோகத்தர் டவுனில் ஒரு மெதடிஸ்த குடும்பத்துப் பிள்ளை, தன்மையான மனிதர். ஊரில் மேடென்று சொல்ல இருந்தது கண்ணகை அம்மன் கோயில் வளவு மட்டும்தான். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினோம். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கரும் ஓமென்றார். அவர் என் அம்மாவின் அண்ணன், எனக்கு மாமா.

நல்ல வெயில் நாளொன்றில் ஒத்திகை நடந்தது. நான் விசில் ஊத, பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் விட்டபடி கோயிலுக்குப் போனார்கள். அங்கே பார்த்தால் தாய்மாரில் பலர் வரவில்லை.

“அவங்களுக்கு இதில அக்கறை இல்லையோ டீச்சர்?” என்று உத்தியோகத்தர் வாடிய முகத்தோடு கேட்டார்.

“அக்கறை இல்லாம இல்ல சேர். அவங்களுக்குத் துடக்கு.”

அவருக்கு விளங்கவில்லை. மாதவிலக்கு, பிள்ளைப்பேறு, செத்தவீடு, இவற்றால் வரும் தீட்டைத்தான் நாங்கள் துடக்கு என்போம். துடக்கோடு கோயில் வளவை மிதிக்கக் கூடாது. பிள்ளை பிறந்த வீடென்றால் முப்பத்தோராம் நாள் கழிவு முடியும் வரை வீட்டிலுள்ள எல்லோருக்கும் துடக்கு. இது எங்களுக்குத் தெரியாததா? தெரிந்தது கூடிப்போய்த்தான் கூட்டத்தில் ஒருவர் வாயிலும் வரவில்லை. சேர்ச்சுக்குப் போகிற மனிதர் கேட்காததில் பிழை சொல்ல முடியாது.

அப்போது என் தங்கச்சி வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். கார்த்திகையில் பிறக்குமென்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். கார்த்திகைதான் எங்களுக்கு வெள்ளமும். நேரே மாமா வீட்டுக்குப் போனேன்.

“மாமா, வெள்ளம் வந்தாத் துடக்குக்காரர் எங்க போற?”

“சொந்தக்காரர் வீட்டுக்குப் போகட்டும்.”

“அங்கயும் தண்ணிதானே நிக்கும்?”

“உனக்கு வாய் கூடிப்போச்சு புள்ள. அம்மாள்ர வளவுக்குள்ள துடக்குப் பட்டா ஊருக்குத்தான் குத்தம். நாளைக்கு ஊரெல்லாம் அம்மை போட்டா நீயா பதில் சொல்லுவாய்?”

நான் விடவில்லை. வட்டையில் கண்டால் கேட்டேன், கலியாண வீட்டுப் பந்தியில் கண்டாலும் கேட்டேன். கடைசியில் என்னைக் கண்டதும் மாமா வேறு ஒழுங்கையால் போகத் தொடங்கினார். கோயிலுக்குப் பதிலாகப் பாலர் பாடசாலை நிலத்தைக் கிரவல் மண் போட்டு உயர்த்தித் தரலாம், ஆனால் அடுத்த வருசம்தான் முடியும் என்றார் உத்தியோகத்தர். வெள்ளத்துக்கு அதை யார் போய்ச் சொல்வது? நான் யாருக்காகக் கத்தினேனோ அந்தப் பெண்களே, “அம்மாளோட விளையாடாதகா” என்று என்னைத் தடுத்தார்கள். நான் ஒன்றும் சாமி இல்லையென்கிற ஆள் இல்லை. கோயில் வைகாசிச் சடங்குக்கு நேர்த்தி வைக்கிறவள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீருக்கு அதைவிடக் கூடப் பயந்தேன்.

கார்த்திகையில் தங்கச்சிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. ஆசுப்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, தொப்புள்கொடி விழுமுன்னமே மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை விடியும்போது தாம்போதியைக் காணவில்லை. மீன்பிடிக்க வாகரைக்குப் போன தங்கச்சியின் புருசன் திரும்ப வழியில்லாமல் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். நான் விசிலை எடுத்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக ஓடினேன். பிள்ளைகள் பழகினபடியே வரிசையில் போனார்கள். அம்மாவையும் போகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், தங்கச்சி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருக்கிறாள். கட்டிலுக்குக் கீழே தண்ணீர்.

“எழும்பு.”

“நீ போ அக்கா. இந்தக் கோலத்தில அம்மாளுக்கு முன்னால நான் வரமாட்டன். என்ர புள்ளைக்கு ஒண்டு வந்திட்டா?”

“ஒண்டு வந்துகொண்டுதான் இருக்கு. கீழ குனிஞ்சு பார்!”

மாமாவோடு சண்டைக்கு நான் ஆயத்தமாக இருந்தேன். இவளோடு சண்டை வருமென்று நினைக்கவேயில்லை. பேசிப் பயனில்லையென்று தெரிந்தது. நிறுவனம் தந்த பெரிய பிளாஸ்டிக் பேசினில் துணியை மடித்துப் போட்டுப் பிள்ளையைப் பறித்துக் கிடத்தினேன். மேலால் பொலித்தீனைக் குடில் மாதிரிப் பிடித்துக்கொண்டு வெளியே இறங்கி நடந்தேன். பின்னால் அவள் வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டிக்கொண்டு தண்ணீரை உழக்கி வந்தாள். திட்டட்டும், வருகிறாளே என்று இருந்தது.

கோயில் வேலி வாசலான கடப்படி தெரிந்தது. பிள்ளைகள் உள்ளே மேட்டில் நிற்கிறார்கள். துடக்குக்காரத் தாய்மார் வேலிக்கு வெளியே, இடுப்பளவு தண்ணீரில், வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களோடு அம்மாவும் நிற்கிறா. கடப்படியில் மாமா, குடையோடு.

“நில்லு புள்ள,” என்றார்.

நான் நிற்கவில்லை. கிட்டப் போய், “கை ஏலாது மாமா, இதப் புடியுங்க” என்று பேசினை அவரிடம் நீட்டினேன். யோசிக்க அவருக்கு நேரம் கொடுக்கவில்லை. குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் உள்ளே பார்த்தார். பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வீரிட்டது.

கீழே வைப்பதென்றால் தண்ணீர். திருப்பித் தருவதென்றால் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாமாவின் முகம் கறுத்துப்போனது. என்னை அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் குடையைப் பிள்ளைக்கு மேல் சரித்தார். பிறகு திரும்பி, சடங்குக்கு வருகிறவர்கள் தங்கும் மடத்தை நோக்கி மேட்டில் ஏறி நடந்தார்.

“என்ர புள்ள!” என்று தங்கச்சி என்னைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடினாள். நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அதன் பிறகு மற்றவர்களை யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

வெள்ளம் வற்றும் வரை மாமா என் முகம் பார்க்கவில்லை. வீட்டுக்குத் திரும்பிச் சேறு வழித்துக்கொண்டிருந்தபோதுதான் வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றார்.

“கோயில் கழுவோணும். பூசை செய்யிற கட்டாடியார் சொல்லிப்போட்டார், மஞ்சள் தண்ணி தெளிச்சுச் சாந்தி செய்யோணுமாம்.”

“கழுவுவம் மாமா. நானும் வாறன். கோயிலக் கழுவலாம்தானே.”

அவர் போகவில்லை. தங்கச்சியின் பிள்ளை கிடந்த ஏணைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“மடத்துக் கூரை ஒழுகுது,” என்றார். “புள்ளைக்கு மேல விழுந்தது. அடுத்த மாரிக்கு முந்தி மாத்திப்போடோணும். உன்ர நிறுவனத்துக்காரனிட்டக் கேட்டுப் பார்.”