ஒரு நாள் தள்ளி விழுந்த அமாவாசை

காலை 7.20. விருதுநகரில் சிவகாசி பஸ் ஏறினேன். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய்.

கோவையில் எங்கள் வீட்டில் நாள்காட்டி மாட்டுவதில்லை. அது தாத்தா போட்ட சட்டம். அவர் போன பிறகும் அப்பா அதை மீறவில்லை. இத்தனைக்கும் தாத்தா சிவகாசியில் கேலண்டர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். அங்கே ஏதோ தப்பு செய்துவிட்டு ஊரை விட்டு வந்தார் என்பதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. எழுபது வயதாகும் அப்பா போன வாரம், “என்ன தப்புன்னு கேட்டுட்டு வா. திருடியிருந்தாலும் மறைக்காம சொல்லு” என்றார்.

பக்கத்து இருக்கையில் தாயில்பட்டிக்காரர் ஒருவர். பட்டாசு ஆலையில் வேலை.

“கேலண்டர் ஆர்டர் குடுக்க வந்தீகளா?”

“எங்க தாத்தாவைப் பத்தி விசாரிக்க வந்தேன்.”

“காணாமப் போயிட்டாகளா?”

“இறந்து பதினாறு வருசமாச்சு.”

அவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். ஆனைக்குட்டத்துக்குச் சாலை பிரியும் விலக்கு வந்தபோது நான் தூங்கிவிட்டிருந்தேன்.

8.40. தாத்தாவின் பழைய படத்தின் பின்னால் எழுதியிருந்த தெருவிலேயே அச்சகம் இருந்தது. மார்கழி சீசன் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை நடந்தது. ஒருவர் பஞ்சாங்கத்தை உரக்க வாசிக்க, இன்னொருவர் அச்சுத் தாளில் சரிபார்ப்பது இங்கே இன்றும் வழக்கம். வாசித்துக்கொண்டிருந்த மாரிமுத்துவுக்கு எண்பது வயது தாண்டியிருக்கும். ஒவ்வொரு வரிக்கும் அடியில் விரலை வைத்து வாசித்தார். தாத்தாவின் பெயரைச் சொன்னதும் விரல் நின்றது.

“உக்காருங்க தாயி. சாப்பிட்டீகளா?”

சாப்பிட்டதாகப் பொய் சொல்லிவிட்டு, தாத்தா என்ன தப்பு செய்தார் என்று கேட்டேன்.

“ஒரு வருசம் கேலண்டர்ல ஆடி அமாவாசைக்குப் போடுற கறுப்பு வட்டம் ஒருநா தள்ளி விழுந்துருச்சு. லோடு அம்புட்டும் போயி வீட்டுக்கு வீடு தொங்குது. சனங்க செத்தவுகளுக்கு மறுநா படையல் போட்டுருக்காக. தெரிஞ்சதும் உங்க தாத்தா சைக்கிளை எடுத்துக்கிட்டு ஊர் ஊராப் போயி, ‘தப்பு என்னுது’ன்னு சொன்னாரு. நானும் பின்னால உக்காந்து போனேன். ஆனைக்குட்டத்துல ஒரு அம்மா, ‘அப்ப எம் புருசன் முந்துன நாளே வந்து பாத்துட்டு, பட்டினியாத் திரும்பியிருப்பாகளே’ன்னுச்சு. ஏசலை தாயி. ஏசியிருந்தா உங்க தாத்தா இங்கனயே இருந்திருப்பாரு. மறு வாரம் குடும்பத்தோட கிளம்பிட்டாரு.”

திருட்டில்லை என்று மனம் லேசானது. எழப் போனேன். அவர் விடவில்லை.

“அன்னைக்கு வாசிச்சது நான். ஒரு வரி தள்ளி வாசிச்சுட்டேன். பதினெட்டு வயசு, கலியாணம் பேசியிருந்த நேரம். வாயைத் திறக்கலை.”

“தாத்தாவுக்குத் தெரியுமா?”

“தெரியும். பஸ் ஏறும்போது, ‘லே, இனிமே விரலை வச்சு வாசி’ன்னாரு.”

எனக்குக் கோபம் வந்தது. அறுபது வருடம் ஒரு கடிதம் போட்டிருக்கக் கூடாதா? ஆனால் மை படிந்த அந்த விரல் இன்னும் அதே வரியிலேயே இருந்தது. அதைப் பார்த்த பிறகு கேட்க முடியவில்லை. கிளம்பும்போது புது வருட கேலண்டர் ஒன்றைச் சுருட்டிக் கொடுத்தார். மறுக்காமல் வாங்கிக்கொண்டேன்.

பகல் 12.10. திரும்பும் பஸ்ஸில் ஆனைக்குட்டம் விலக்கை விழித்திருந்து பார்த்தேன். இரண்டு வேப்பமரம், ஒரு டீக்கடை. பஸ்ஸிலிருந்தே அப்பாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கையில் கேலண்டர் இருப்பதையும் சொன்னேன்.

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“நம்ம வீட்டுச் சுவத்துல ஆணியே கிடையாதேம்மா” என்றார். “வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வா.”