புல்லுக்கு ஆசைப்பட்ட களம்

குடியிருந்த எந்த வாடகை வீட்டிலிருந்தும் கொடுத்த அட்வான்சை முழுதாகத் திரும்ப வாங்கத் தெரியாதவன் நான். சுண்ணாம்பு அடிக்க, குழாய் மாற்ற, ஆணி அடித்த ஓட்டையை அடைக்க என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் பிடித்ததுபோக மிச்சத்தைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, வாடகைக்கு விட வீடு வாங்குவது எப்படி என்று மனைவிக்கு வகுப்பெடுத்தேன். அதுவும் சேலத்தில், நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு.

பணம் அவளுடையது. ஆத்தூர்ப் பக்கம் அவள் அப்பா விட்டுப்போன நிலத்தை விற்றதில் அவள் பங்காக வந்தது. அவளுக்கென்று வந்த ஒரே பணம், போனால் போனதுதான். பேங்கில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். முதலீடு பற்றிப் புத்தகம் புத்தகமாகப் படித்து அந்தத் தூக்கத்தைக் கெடுத்தவன் நான். பணக்காரர்கள் தூங்கும்போதும் அவர்கள் பணம் வேலை செய்கிறது என்று எல்லாப் புத்தகங்களும் சொல்லின. தூங்குவதில் எனக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. எனவே பாதித் தகுதி ஏற்கெனவே இருப்பதாக எடுத்துக்கொண்டேன்.

மே மாதம், ஏற்காட்டில் கூட்டம் அலைமோதிய சமயத்தில், நான் மட்டும் மலையேறினேன். மஞ்சக்குட்டைக்குப் போகும் வழியில் ஓட்டு வீடு ஒன்று விலைக்கு இருந்தது. ஷேர் ஜீப் ஓட்டுகிறவர் காட்டினார். தரகு அவருக்கு உபதொழில். சொந்தக்காரர் பிள்ளைகளோடு பெங்களூர் போய்விட்டதால் வீடு பூட்டிக் கிடந்தது. பின்னால் சில்வர் ஓக் மரங்கள், சமையலறை ஜன்னலில் முழுப் பள்ளத்தாக்கு. புத்தகத்தில் சொன்னபடி சுவரைத் தட்டிப் பார்த்தேன். எந்தச் சத்தம் நல்ல சத்தம் என்று புத்தகத்தில் போடவில்லை. ஆகவே எல்லாச் சத்தத்துக்கும் தலையாட்டினேன். ஜீப்காரரும் கூடவே மரியாதையாகத் தலையாட்டினார்.

எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். வாசலில், வீட்டைவிடப் பெரிதாக, ஒரு சிமெண்ட் களம் மொட்டையாகக் கிடந்து கண்ணைக் கூச வைத்தது. சென்னையிலிருந்து வாடகை கொடுத்துத் தங்க வருகிறவன் காலையில் கதவைத் திறந்தால் பசுமையைப் பார்க்க வேண்டாமா? களத்தை உடைத்துப் புல்தரை போடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். செய்ததோடு நிற்காமல், எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அதை விளக்கினேன். எல்லோரும் மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நான் போன ஒவ்வொரு முறையும் அந்த வீடு கெட்டுக்கொண்டே வந்தது. மழைக்காலத்தில் சுவரெல்லாம் வியர்க்கும், பெட்டிக்குள் இருக்கும் சட்டைகூடப் பூசணம் பூத்துவிடும் என்றார் டீக்கடைக்காரர். கோடையில் கிணற்றில் வாளி தரை தட்டும் என்றார் இன்னொருவர். பக்கத்துத் தோட்டத்து அம்மா, சாயங்காலமானால் காட்டெருமை வந்து வாசலில் நின்று ஜன்னல் வழியாக உள்ளே பார்க்கும் என்றார். போன வருடம் ஒன்று கதவை முட்டியதாம்.

நான் நெகிழ்ந்துபோனேன். சொந்த ஊர் வீட்டின் குறையை வெளியூர்க்காரனிடம் இவ்வளவு வெள்ளந்தியாகச் சொல்லும் மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். களஆய்வு என்று புத்தகங்கள் சொன்னது இதைத்தான். வீடு வேண்டாம், உன் பணத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று மனைவியிடம் பெருமையாக அறிவித்தேன். என் தீர்ப்புகளின் மேல் அவளுக்குள்ள மதிப்பு அப்படி. உடனே அந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

தை பிறந்து சில நாள் ஆகியிருந்தது. ஜீப்பிலிருந்து இறங்கினால் களத்தைக் காணோம். ஒரு ஓரத்தில் சிவப்பாக, நடுவில் அரக்கு நிறத்தில், மறு ஓரத்தில் கறுத்துச் சுருங்கி, களம் முழுக்கக் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. ஐந்தாறு பேர் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் காட்டெருமை அம்மாவும் இருந்தார்.

இவர்தான் அவர் என்று மனைவிக்குக் காட்டினேன். அவள் களத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அவரிடம் போய்க் கேட்டாள்.

"ஏனுங்கக்கா, காட்டெருமை வந்து நிக்கற வாசல்லயா காப்பி காயப் போட்டிருக்கறீங்க?"

அந்த அம்மா கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் சிரித்தார்.

"பின்ன என்னங்க பண்றது. உங்க ஊட்டுக்காரரு களத்த ஒடச்சுப் புல்லு வெக்கறேன்னு சொல்றாரு. ஒரு மாடு கன்னு இல்லாதவருக்குப் புல்லு எதுக்குங்க?"

மற்றவர்களும் சிரித்தார்கள். ஜீப்காரர் மட்டும் நாகரிகமாகச் சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். அந்தப் பக்கம் எல்லோரிடமும் இருப்பது துண்டு துண்டான சிறு காப்பித் தோட்டங்கள். நாள் முழுக்க வெயில் விழும் களம் இது ஒன்றுதான். இங்கே காயப்போடுவதைச் சொந்தக்காரர் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார். அதற்குப் பதிலாக, அறுவடை முடிந்ததும் பெங்களூருக்கு அவருக்கு ஒரு மூட்டை காப்பி போய்விடும். சுவர் வியர்ப்பது நிஜமா என்று மனைவி கேட்டாள். ஈரம் மட்டும் நிஜம், அது இந்த மலையில் எல்லா வீட்டிலும் உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். கிணறு வற்றியதில்லையாம். காட்டெருமை குப்பனூர் ரோட்டில் எப்போதோ வந்ததாம்.

பேச்சு அங்கேயே நடந்தது, களத்தின் ஓரத்தில் நின்றபடி. நான் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டை நாங்கள் வாங்கினால், அறுவடை மாதங்களுக்குக் களத்தை எல்லோருமாகச் சேர்ந்து வாடகைக்கு எடுப்பீர்களா என்று கேட்டாள். அவர்கள் தங்களுக்குள் பேசிவிட்டு, கொஞ்சம் பேரம் பேசி, சம்மதித்தார்கள். புல் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. என் சார்பில் அவளே வாக்குக் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது, இவ்வளவு சீக்கிரம் எப்படி முடிவு செய்தாய் என்று கேட்டேன்.

"ஊட்டுல குடியிருக்கறவங்க இன்னிக்கி இருப்பாங்க, நாளைக்கிக் காலி பண்ணிட்டுப் போவாங்க. காப்பிச் செடி எங்கீங்க போகும்?" என்றாள்.

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்த வாக்கியம் இல்லை.

வாங்கினோம். களத்துக்கு வாடகை வந்துவிட்டது. பள்ளத்தாக்கு தெரியும் ஜன்னலோடு நான் விளம்பரம் கொடுத்த வீட்டுக்குத்தான் இன்னும் ஆள் வரவில்லை. ஆகவே அடுத்த அறுவடைக்கு, சொத்தை மேற்பார்வையிடுவதாகச் சொல்லிக்கொண்டு, புத்தகக் கட்டோடு நானே போய்த் தங்கினேன். ஒரு மத்தியானம் பள்ளத்திலிருந்து மேகம் கிளம்பித் தூற ஆரம்பித்தது. எல்லோரும் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். போர்வையை உதறிவிட்டு ஓடினேன். தார்ப்பாயை இழுத்து, வழுக்கி விழுந்து, மறுபடி இழுத்து, கல் வைத்து, எப்படியோ முழுக் களத்தையும் மூடினேன். அவர்கள் ஓடிவந்து சேர்ந்தபோது ஒரு பழம் நனையவில்லை. நான்தான் தலைமுதல் கால்வரை நனைந்து நின்றேன். என் மனைவியின் பணத்தை என் கையாலேயே காப்பாற்றிய முதல் தருணம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் நிமிர்ந்துகூட விட்டேன்.

பக்கத்துத் தோட்டத்து அம்மா தார்ப்பாயின் நான்கு ஓரத்தையும் தூக்கிப் பார்த்துவிட்டு, திருப்தியாக என்னிடம் வந்தார்.

"இந்த வருசம் காவலுக்கு ஒரு ஆளு சம்பளத்துக்கு வெக்கோணும்னு பேசிட்டிருந்தோமுங்க. நல்லவேளைங்க, நீங்க இங்கியே சும்மா இருக்கறீங்க."