மிச்சமிருந்த கட்டைவிரல்

சுண்டுவிரலிலிருந்துதான் மடக்கத் தொடங்குவார் பூபதி. பைக் கிளம்பவில்லையா? "பெட்ரோல் இருக்குது. பிளக்கு சுத்தம். பேட்டரி புதுசு. ஒயரும் அறுந்துபோகல. அப்ப கார்புரேட்டர்தான்." ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் நிமிர்ந்து நிற்கும் கட்டைவிரல்தான் குற்றவாளி. ஒருமுறை வண்டிச் சாவி காணாமல் போனபோது மனைவி உஷாராணி மேல் பழி வந்தது. சாவி அவருடைய சட்டைப்பையிலேயே கிடந்தது.

நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணை ஒன்றில் அவர் சூப்பர்வைசர். குளித்தாலும் தீவன வாசனை போகாத உடம்பு. கோழிகள் மிரளும் என்று, தும்மல் வந்தால்கூட 'செட்' என்கிற கொட்டகையை விட்டு வெளியே ஓடிவந்துதான் தும்முவார்.

சென்ற மாசியில் மூன்றாவது செட்டில் முட்டை குறைந்துகொண்டே வந்தது. முதலாளி காரணம் கேட்டார். இரவுச் சோற்றின்போது பூபதி மனைவியிடம் மடக்கிக் காட்டினார். தீவனம் மாறவில்லை, தண்ணீர் சுத்தம், நோயில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், எலியோ பாம்போ நுழைய வழியில்லை. மிச்சம், அங்கே முட்டை பொறுக்கும் பெருமாயி. புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர். அவரைத் திருடி என்று சொல்ல பூபதிக்கு நாக்கு எழவில்லை. ஆனால் காலையில் சொல்லியாக வேண்டும்.

உஷாராணி ரசம் ஊற்றியபடி சொன்னார்: "ஏனுங்க, அந்தக்கா எடுத்ததுக்குச் சாட்சின்னு நீங்க ஒன்னுமே சொல்லலீங்களே. மத்த நாலும் இல்லைன்னுதான் சொல்றீங்க. கைக்கு அஞ்சு வெரலுங்கறதுக்காக, காரணமும் அஞ்சோட நின்னுருமுங்களா?"

பூபதி மடக்கிய விரல்களைப் பிரித்துவிட்டார்.

மறுநாள் முதலாளி அறைக்குப் போகாமல் செட்டுக்குப் போனார். எதைத் தேடுவதென்றே தெரியாமல் கோழிகளுக்கு நடுவில் நின்றார். வெயில் நன்றாக ஏறியிருந்தது. அண்ணாந்து பார்த்தபோது பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. விடியுமுன் எரிந்து, விடிந்ததும் அணைய வேண்டியவை. அடிக்கடி கரண்டு போனதில், அவற்றைத் தானாகப் போட்டு அணைக்கும் டைமர் சில மணி நேரம் பின்தங்கிவிட்டது. விடியுமுன் விளக்கு எரியாததால், வெளிச்ச நேரம் போதாமல் கோழிகள் முட்டையைக் குறைத்திருந்தன. பகலில் எரியும் விளக்கு ஒருவர் கண்ணிலும் படவில்லை.

டைமரைத் திருப்பிவைத்துவிட்டு, அங்கேயே தீவன மூட்டை மேல் உட்கார்ந்தார். உஷாராணிக்குப் போன் செய்து சொன்னது ஒன்றுதான்: "நல்லவேள, மொதலாளிகிட்ட வாய உடல."

சில வாரங்களில் முட்டை பழையபடி ஏறியது. நடந்தது எதுவும் பெருமாயிக்குத் தெரியாது.

"நெம்ப நாளைக்கப்பறம் அட்டை நெறஞ்சு வருதுங்க தம்பி" என்றபடி, அடுக்கிய முட்டை அட்டைகளைச் சுமந்துகொண்டு எதிரே வந்தார்.

பூபதி அந்த அடுக்கை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, முட்டை ஏற்றும் வண்டியை நோக்கி முன்னால் நடந்தார்.