அவள் அறையில் ஊற்றிய தண்ணீர்

ஆடி மாதத்தில் ஒரு நாள், காலை ஆறே முக்காலுக்குக் கல்லூரி விடுதியில் இருந்த என் மகள் போனை எடுக்கவில்லை. எல்லாம் கெட ஆரம்பித்தது அந்த நேரத்தில்தான். மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும். மணி அடித்து அடித்து ஓய்ந்தபோது, போனைக் கையில் வைத்துக்கொண்டு காலியாக இருந்த அவள் அறைக்குள் போய் நின்றேன். புத்தக அலமாரியின் மேலிருந்து அவளுடைய மணி பிளான்ட் தரை வரை தொங்கிக்கொண்டிருந்தது. சும்மா நிற்க முடியவில்லை. குளியலறையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து அதற்கு ஊற்றினேன். கொஞ்சம் மூச்சு வந்தது.

மதியம் அவளே கூப்பிட்டாள்.

"ஏனுங்கப்பா, தூங்கிட்டிருந்தனுங்க. ரூம்ல இருக்கற புள்ளைங்கல்லாம் எந்திரிச்சிருச்சு. உங்கப்பா என்ன அலாரமான்னு கேக்கறாங்க."

"இல்ல கண்ணு, எடுக்கலியேன்னு…"

"ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம நானே கூப்பிடறனுங்க. நடுவுல வேண்டாமுங்க. நீங்க கூப்பிடறப்பெல்லாம் எனக்கு என்னமோ ஆயிருச்சோன்னு எனக்கே தோணுது."

சரி என்றேன்.

அதற்கு முந்தைய புரட்டாசியில், கோயமுத்தூரில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவள், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஏற்காட்டுக்கு வந்துவிட்டாள். வாசலில் நின்று "முடியலப்பா" என்றாள். அதற்குப் பிறகு பல மாதங்கள் எங்களோடு அதிகம் பேசவில்லை. சேலத்துக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை சாப்பிட்டாள். தூங்கினாள். வைத்த சாதம் பாதி அப்படியே தட்டில் இருக்கும். நானும் என் மனைவியும் சமையலறையில் குரலைத் தாழ்த்திப் பேசக் கற்றுக்கொண்டோம்.

விடுதியிலிருந்து அவள் கொண்டுவந்த பையில் ஒரு ஜூஸ் பாட்டில் இருந்தது. அதில் இரண்டு இலையோடு ஒரு துண்டுக் கொடி. அறைத்தோழி கொடுத்தது. வேர் விட்டதும் அதைத் தொட்டியில் நட்டாள். அந்த வருடம் அவள் கவனித்த ஒரே உயிர் அதுதான். தன்னைக்கூடக் கவனிக்கவில்லை. மார்கழிக் குளிரில் அதற்குத் தண்ணீர் தருவதே அபூர்வம். தந்தாலும் மாடித் தொட்டித் தண்ணீரை நேராக ஊற்ற மாட்டாள். முந்தின நாளே ஒரு மக்கில் பிடித்து அறைக்குள் வைத்திருந்து, அதன் சில்லிப்பு போன பிறகு ஊற்றுவாள். காபி பூக்கும் சமயத்தில் காற்று காய ஆரம்பித்ததும் கொஞ்சம் கூட்டினாள். சித்திரையிலும் வைகாசியிலும், ஊர் முழுக்க சுற்றுலா வண்டிகள் நிற்கும் நாட்களில், இரண்டு நாளுக்கு ஒருமுறை அதற்குத் தாகம் எடுத்தது. கொடி நீள நீள அவளும் பேச ஆரம்பித்தாள். ஆனி முடிவில், மறுபடி கல்லூரிக்குப் போகிறேன் என்றாள்.

கிளம்புகிற அன்று என்னை அலமாரிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"கெழமைய வெச்சு ஊத்தாதீங்கப்பா. வெரல உள்ள உட்டுப் பாருங்க. காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. தொட்டியத் தூக்கிப் பாருங்க, லேசா இருந்தாத்தான் தண்ணி வேணும். அப்பறம், இந்தப் பீங்கான் தொட்டிக்கு ஓட்டையில்லீங்க. உள்ள இருக்கற பிளாஸ்டிக் தொட்டிய எடுத்து, அடியில நிக்கற தண்ணியக் கொட்டிரோணும்."

"அட, ஒரு செடிக்கு இவ்ளோவா? நா பாத்துக்கறேன் சாமி."

சொல்லிவிட்டேன். அவள் சொன்ன எதையும் நான் மறக்கவில்லை என்பதுதான் என்னைக் குடைகிறது. ஆனால் நான் ஊற்றியது செடி காய்ந்தபோது அல்ல, எனக்கு அவளைக் கூப்பிட வேண்டும் போல இருந்தபோது. காலையில் எழுந்ததும் தோன்றும். கோயமுத்தூரில் மழை என்று டிவியில் சொன்னால் தோன்றும். ஞாயிற்றுக்கிழமை அவள் குரல் கொஞ்சம் சோர்ந்திருந்தால் அடுத்த இரண்டு நாளும் தோன்றிக்கொண்டே இருக்கும். போனை எடுப்பேன், வைப்பேன், சொம்பை எடுப்பேன்.

என் மனைவி ஒருநாள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, செடிக்கு நீச்சல் பழக்கறீங்களா?"

"எல வாடியிருக்கு பாரு."

"எல வாடுல. நீங்கதான் வாடிப்போயிருக்கறீங்க. வந்து காபி குடிங்க, ஆறிப்போவுது."

நான் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்க்கிறவன். தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து, எவ்வளவு மழை என்று எழுதிவைப்பது என் கைதான். ஐப்பசியில் மழையும் மூட்டமும் சேர்ந்து இந்த மலையில் எதுவுமே காயாது என்று எனக்குத் தெரியாதா? துணிகூடக் காயாது. வெளியில் போட்டு நாற்றம் அடித்ததால், மகளின் அறையில் குறுக்கே கயிறு கட்டி, ஜன்னலைச் சாத்தி, ஈரத் துணியெல்லாம் அங்கேதான் போட்டோம். அந்த ஈரக்காற்றில் செடி நின்றது. அதற்குத்தான் நான் சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டிருந்தேன்.

முதல் இலை மஞ்சளானபோதும் ஊற்றினேன். நான் சேலத்தில் பிறந்து வளர்ந்தவன். அங்கே செடி மஞ்சளடித்தால் வெயிலில் காய்கிறது என்று அர்த்தம். ஒரு குடம் ஊற்றினால் நிமிர்ந்துவிடும். மலைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் என் கை கீழே சேலத்தில் பழகிய கைதான். அடுத்த இலை, அதற்கடுத்தது. தரையில் கிடந்ததை மனைவி பார்ப்பதற்குள் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பரீட்சை என்று தீபாவளிக்கு அவள் வரவில்லை. கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "செடி எப்படிங்கப்பா இருக்குது? ஒரு போட்டோ அனுப்புங்களே, ரூம்ல காட்டோணும்" என்றாள்.

"சூப்பரா இருக்குது கண்ணு. அனுப்பறேன்."

போனில் தேடி, அவள் கிளம்புவதற்கு முன் எடுத்த பழைய போட்டோ ஒன்றை அனுப்பினேன். பச்சைப்பசேல் என்று தரை வரை தொங்கும் கொடி. சிறிது நேரத்தில் அவளிடமிருந்து ஒரு இதயக்குறி வந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் அறையில், ஈரத் துணிகளுக்கு நடுவில்.

செடி செத்தால் அவள் என்ன ஆவாள்? இதுதான் என் பயம், வேறெதுவும் இல்லை. இந்தச் செடியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து வந்தாள் என்று நான் நம்பியிருந்தேன். அதை என்னிடம் நம்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அன்று சாயங்காலம்தான் உள்தொட்டியை வெளியே தூக்கினேன். பீங்கான் தொட்டிக்குள் பாதிக்குத் தண்ணீர் நின்றது, கருப்பாக. சாக்கடை வாடை. மண்ணைக் கொட்டிப் பார்த்தால் வேர் விரலோடு வழிந்து வந்தது, வெந்த கீரை மாதிரி. நான் சத்தம் போட்டிருக்க வேண்டும், மனைவி ஓடிவந்தாள். பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நுனி இன்னும் பச்சையாத்தானுங்க இருக்குது," என்றாள். "அவ வந்தப்ப பாட்டில்ல ஒரு துண்டுதான இருந்துச்சு? கத்திரி கொண்டாறேன், இருங்க."

அழுகாத நுனிகளைக் கணுவுக்குக் கீழே வெட்டினோம். மூன்று துண்டுதான் தேறியது. மூன்று பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, அடுப்பு மேடைப் பக்கம் வைத்தாள். இருக்கிற இடத்திலேயே அங்கேதான் கொஞ்சம் கதகதப்பு. மகளின் அறையிலிருந்து துணிக்கயிற்றை நான் அவிழ்த்தேன்.

"அவகிட்ட சொல்லீருங்க," என்றாள் மனைவி.

"ஞாயித்துக்கெழம சொல்றேன்."

சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் சிரித்துப் பேசினாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாட்டிலுக்கு முன்னால் போய் நிற்பேன். கை சும்மா இருக்காது. பாட்டிலில் மேற்கொண்டு ஊற்ற இடம் இல்லை என்பது எவ்வளவு பெரிய நிம்மதி! மார்கழி பிறந்தபோது ஒரு துண்டு அழுகிவிட்டது. ஒன்று அப்படியே நின்றது. மூன்றாவதின் கணுவில் வெள்ளையாக, அரிசி முனை அளவுக்கு, ஒரு வேர்.

செமஸ்டர் பரீட்சை முடிந்து அவள் வருகிறாள் என்றதும், சேலத்தில் ஒரு நர்சரியில் இதே போல ஒரு கொடி வாங்கி வைத்துவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். கீழே இறங்கும் பஸ்ஸுக்காக நின்றும் இருந்தேன். பஸ் வந்தது. ஏறாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

மதிய பஸ்ஸில் வந்தாள். முகம் தெளிந்திருந்தது, ஸ்வெட்டர் போடாமல் வந்திருந்தாள். பையை வைத்துவிட்டு நேராகத் தன் அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். அலமாரியின் மேல் காலியான பீங்கான் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாமி, அப்பா ஒண்ணு சொல்லோணும். அந்தப் போட்டோ…"

"தெரியுமுங்கப்பா."

"அம்மா சொன்னாளா?"

"அந்தப் போட்டோவுல ஜன்னல்ல சுள்ளுனு வெயிலு அடிக்குது. கார்த்திகையில இந்த ஊட்டுக்குள்ள எப்பப்பா வெயிலு வந்துச்சு?"

"அப்பறம் ஏன் கண்ணு கேக்கல?"

"கேட்டா நீங்க நொம்பப் பயந்துக்குவீங்கன்னுதான்."

சமையலறையிலிருந்து மனைவி வேர் விட்ட பாட்டிலைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அந்த வெள்ளை வேரைப் பார்த்தாள். உன்னைக் கூப்பிடத் தோன்றும்போதெல்லாம்தான் ஊற்றினேன் என்று நான் அப்போதுதான் சொன்னேன். அவள் பாட்டிலை மெதுவாக அலமாரியின் மேல் வைத்தாள்.

"இனிமே தண்ணி ஊத்தோணும்னு கை வந்துச்சுன்னா எனக்குப் போன் போடுங்கப்பா," என்றாள். "நா எடுக்கறேன்."